ஒப்பந்தத்துக்கு அடியில் ஒரு நோட்டு

காசிமேட்டுப் பக்கமிருந்து ஒரு தாய், வக்கீலான எனக்கு ஐந்து பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், தெரு, பிள்ளைகளின் பள்ளி எதுவும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கணவருக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் வேலை. இவர் காலையில் வீட்டு வாசலில் இட்லிக் கடை போடுகிறார். மகனுக்குப் பதினாறரை வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். மகளுக்கு 13, எட்டாம் வகுப்பு. இவருடைய அப்பா அந்த வட்டாரத்தில் சாவு வீடுகளில் கானா பாடியவர். அவர் போன பிறகு டோலக் பரணில் கிடந்தது. அதை இறக்கித் தட்ட ஆரம்பித்த பேரன் இப்போது சொந்தமாகப் பாட்டே கட்டுகிறான். சமையலறைதான் ஸ்டுடியோ. பாட்டி அரிசி மூட்டையை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுக்கிறார். கணவர் பழைய மெத்தையைச் சுவரோரம் ஆணியடித்து நிறுத்தியிருக்கிறார். இவருடைய தம்பி, ரிச்சி தெருவில் 6,500 ரூபாய்க்கு மைக் வாங்கித் தந்திருக்கிறார். "ரெக்கார்டிங் நடக்கும்போது குக்கரை இறக்கிடுவேன், ஃபிரிட்ஜையும் ஆஃப் பண்ணிடுவோம். ஒரு தபா மறந்துபோய் நைட்டு பூரா ஆஃப்லயே இருந்து, மறுநாள் கடைக்கு வெச்சிருந்த மாவு மொத்தமும் புளிச்சுப் போச்சு" என்று எழுதியிருக்கிறார்.

யூடியூபில் போட்ட ஒரு பாட்டு ஏரியா முழுக்கப் பரவி, இரண்டு லட்சம் பார்வையைத் தாண்டியிருக்கிறது. உடனே ஒரு மியூசிக் கம்பெனி தேடி வந்திருக்கிறது. ஐந்து வருடம், 20 பாட்டு, 50,000 ரூபாய் அட்வான்ஸ். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அப்பா காப்பாளராகக் கையெழுத்துப் போட வேண்டும். கணவருக்கு ஆசை, இவருக்குப் பயம். "சின்னப் பசங்க அக்ரிமெண்டு கோர்ட்டுல செல்லாதாம், அதனால தைரியமா போடுங்க" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். மைக் வாங்கித் தந்த தம்பி, வரும் பணத்தில் தனக்கும் பங்கு உண்டு என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் என்று போலீஸில் சொல்லியிருக்கிறார். என்ன செய்வது என்று கேட்கிறார்.

சகோதரி, நான் பிறந்து வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டை. சாவு வீட்டில் விடிய விடிய கானா கேட்டுத் தூங்கிய பிள்ளை நான். அந்தப் பாட்டைப் பாடியவர்களுக்கு அந்தக் காலத்தில் கிடைத்தது டீயும் பீடியும் கொஞ்சம் சில்லறையும்தான். இன்று அதே பாட்டைத் தேடி ஒப்பந்தத்தோடு ஆள் வருகிறது என்றால், உங்கள் அப்பாவை நினைத்து நீங்கள் சந்தோஷப்படலாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இனி நான் எழுதுவதில் பாதி உங்களைக் கொஞ்சம் சங்கடப்படுத்தும்.

ஒப்பந்தத்தின் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தை ஒரு கோடு போட்ட நோட்டின் மேல் வைத்து எடுத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. தாளின் கீழ்ப்பக்கம் நோட்டு கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. நீல மையில் உருட்டிய எழுத்து. ஒரு சொல்லை எழுதி அடித்து, வேறொன்று எழுதி அதையும் அடித்து, மூன்றாவதாக ஒரு சொல்லை வைத்திருக்கிறது அந்தக் கை. ஐஸைப் பற்றியும் அப்பாவின் தூக்கத்தைப் பற்றியும் ஒரு வரி, பாதிக்கு மேல் ஒப்பந்தத்துக்கு அடியில் மறைந்துவிட்டது. அதை இங்கே எழுத மாட்டேன். இன்னும் வெளிவராத பாட்டு அது.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். ஐந்து பக்கத்தில் மகளைப் பற்றி ஒரே ஒரு வரி: "சின்னது எழுதிக் குடுக்கும், இவன் பாடுவான்." சேனலில் பையன் பெயர் மட்டும். ஒப்பந்தத்தில் பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் மூன்றுக்கும் பையன் பெயர் மட்டும். நீங்கள் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு முன்னால், கேட்காத இந்த விஷயத்துக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு பாட்டுக்குள் எத்தனை சொத்து

"பாட்டு நம்மது" என்று உங்கள் கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் கண்ணுக்கு அது ஒரே பொருளாகத் தெரியாது. பாட்டு வரிகள் ஒரு சொத்து, எழுதியவருடையது. மெட்டும் இசையும் இன்னொரு சொத்து; அமைத்தவருடையது. பதிவு செய்த ஒலி மூன்றாவது சொத்து. அந்தப் பதிவை முன்னின்று பொறுப்பெடுத்து உருவாக்கியவருடையது. இவை தவிர, பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தனியாகக் கலைஞர் உரிமை என்று ஒன்று இருக்கிறது. வரிக்கும் இசைக்கும் உரிமை, உருவாக்கியவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 வருடமும் நிற்கும். ஒலிப்பதிவுக்கு 60 வருடம்.

இதில் எதற்கும் வயது வரம்பு கிடையாது. 13 வயதுப் பெண் எழுதிய வரி, எழுதிய அந்த நிமிடமே அவளுடையது. எங்கும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம்கூட இல்லை. பதிவு செய்தால் நாளைக்கு ஒரு தகராறில் சாட்சியாக உதவும். வரிகளுக்கோ இசைக்கோ 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய் அரசுக் கட்டணம். எல்லாப் பாட்டையும் இப்போதே பதிவு செய்யச் சொல்ல மாட்டேன். அந்த நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் தேதி போடச் சொல்லுங்கள். அடித்த வரிகளோடு அப்படியே வைத்திருக்கட்டும், அழகாக வேறு நோட்டில் எழுதிவிட்டுப் பழையதைக் கிழித்துப் போட வேண்டாம். அடித்தல் திருத்தல்தான் இது அவள் எழுதியது என்பதற்கு நல்ல சாட்சி. பையனும் போனில் இருக்கும் முதல் பதிவுகள், தப்பாக வந்தவை உட்பட, எதையும் அழிக்காமல் ஒரு பென் டிரைவில் போட்டு உங்களிடம் தரட்டும்.

இந்த ஒப்பந்தத்தில் இப்படியே கையெழுத்துப் போட்டால், வரிகளை எழுதியது பையன் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். பின்னால் மகள் வளர்ந்து "நான் எழுதியது" என்றால், அப்பா கையெழுத்துப் போட்ட காகிதத்தைத்தான் அவளுக்கு எதிராக நீட்டுவார்கள்.

அவள் பெயரை நீங்கள் ஏன் போடவில்லை என்று எனக்குப் புரிகிறது. "வயசுக்கு வந்த பொண்ணு, கமெண்ட்ல கண்டதையும் எழுதறானுங்க" என்று நாலாம் பக்கத்தில் வேறு ஏதோ சொல்லும்போது எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் முகத்தை மறைப்பது வேறு, உரிமையை மறைப்பது வேறு. வீடியோவில் அவள் வர வேண்டியதில்லை. வெளியே ஒரு புனைபெயர் போதும், சட்டம் அதை ஏற்கிறது. கையெழுத்தாகும் காகிதத்தில் மட்டும் உண்மைப் பெயர் இருக்க வேண்டும். எந்தப் பெயர் என்பதை அவளே முடிவு செய்யட்டும். நீங்களோ அண்ணனோ வைக்க வேண்டாம்.

மைனர் கையெழுத்து செல்லாதுதான், ஆனால்

உங்களுக்கு யோசனை சொன்னவர் பாதி சரி. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 11-வது பிரிவுப்படி 18 வயது ஆகாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதி இல்லாதவர். கல்கத்தாவில் ஒரு சிறுவன் வீட்டை அடமானம் வைத்த வழக்கில், அப்படிப்பட்ட ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று அப்போது மேல்முறையீட்டுக்குக் கடைசி நீதிமன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1903-ல் சொன்னது. இன்றுவரை அதுதான் சட்டம்.

அவர் சொல்லாமல் விட்ட பாதியைப் பாருங்கள். செல்லாத காகிதம் அவர்களுக்கு மட்டும் செல்லாததல்ல, உங்களுக்கும் செல்லாது. ராஜ் ராணி என்ற சிறுமி சினிமாவில் நடிப்பதற்கு அவளுடைய அப்பா ஒரு தயாரிப்பாளரோடு ஒப்பந்தம் போட்டார். தயாரிப்பாளர் நடுவில் கைவிட்டுவிட்டார். சிறுமியின் பெயரில் வழக்குப் போட்டார்கள். ஒப்பந்தமே செல்லாதபோது எதை வைத்துப் பணம் கேட்கிறீர்கள் என்று பம்பாய் உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. 1949-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது அது. நாளைக்குக் கம்பெனி 20 பாட்டையும் வாங்கிக்கொண்டு பங்குப் பணம் தராமல் இழுத்தடித்தால் உங்கள் கதையும் அங்கே போய் நிற்கலாம். வழக்கு நடக்கிற காலம் முழுக்கப் பாட்டு அவர்கள் சேனலில் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் எனக்குப் பயம். பையன் கையெழுத்து செல்லாது. அப்பா கையெழுத்து செல்லும். ஒப்பந்தத்தின் 11-வது ஷரத்தைப் பாருங்கள்: பாட்டில் வேறு யாருக்காவது உரிமை இருப்பதாகத் தகராறு வந்தால் அந்த நஷ்டம் முழுவதையும் "காப்பாளர் தன் சொந்தப் பொறுப்பில்" ஈடுகட்ட வேண்டும். 14-வது ஷரத்து: பாதியில் விலகினால் மூன்று லட்சம் ரூபாய், அதுவும் காப்பாளரே தர வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதிய அபராதத் தொகையை நீதிமன்றம் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுவரைதான். ஆனால் அதை வாதாடி வெல்ல நீங்கள் வக்கீல் வைத்துப் படியேற வேண்டும். ஐஸ் ஏற்றுகிறவரின் ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி.

பிள்ளையின் நன்மைக்காகக் காப்பாளர் சில காரியங்கள் செய்யலாம். ஆனால் எந்த நிலையிலும் தனிப்பட்ட வாக்குறுதியால் பிள்ளையைக் கட்டிப்போட முடியாது என்று இந்து இளவர், காப்பாளர் சட்டத்தின் 8-வது பிரிவு சொல்கிறது. ஆகவே "அஞ்சு வருஷம் வேற எங்கயும் பாடக் கூடாது" என்று உங்கள் கணவர் பையன் சார்பில் எழுதிக் கொடுக்க முடியாது. ஒன்றரை வருடத்தில் பையனுக்கு 18 ஆகிவிடும். அன்றைக்கு "பழையதுக்கு ஓகே" என்று சொல்வதும் போதாது. அவனே புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தம். கம்பெனிக்கு இது தெரியாமல் இருக்காது. பணம் கேட்டு வரும்போது நிற்கிற ஒரே கையெழுத்து அப்பாவுடையது என்பதால்தான் அவர் பெயர் அத்தனை இடத்தில் இருக்கிறது.

கம்பெனிக்காரர்கள் திருடர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலும் எங்கிருந்தோ இறக்கிய ஒரு அச்சு ஒப்பந்தத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொண்டுவருவார்கள். கேட்டால் மாற்றித் தருவார்கள். நம்மவர்கள் கேட்பதில்லை.

தாய்மாமன் சீரா, முதலீடா?

உங்கள் தம்பி விஷயத்தைப் பக்குவமாகப் பேச வேண்டும். மைக் வாங்கித் தந்ததால் பாட்டில் பங்கு வந்துவிடாது. பேனா வாங்கிக் கொடுத்தவர் கதைக்குச் சொந்தக்காரர் ஆவதில்லை. ஆனால் பதிவுக்கான ஏற்பாடு எல்லாவற்றையும் தானே முன்னின்று, லாப நஷ்டத்தைத் தானே ஏற்றுச் செய்திருந்தால், அந்த ஒலிப்பதிவுக்குத் தயாரிப்பாளர் என்று அவர் சொல்லிக்கொள்ள இடமுண்டு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மருமகன் ஆசைப்பட்டான், மாமன் வாங்கித் தந்தார்.

அவரிடம் நேராகக் கேளுங்கள்: "தம்பி, இது சீரா, கடனா, முதலீடா?" சீர் என்றால் நல்லது. கடன் என்றால் முதல் வருமானத்தில் 6,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முதலீடு என்றால் எத்தனை பாட்டுக்கு, எத்தனை சதவீதம், எவ்வளவு காலம் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். மைக் வாங்கும்போது பேசாததைப் பணம் வந்த பிறகு பேசினால் குடும்பம் உடையும். என் மேசைக்கு வந்த பாகப்பிரிவினை வழக்குகளில் பாதி இப்படி ஆரம்பித்தவைதான்.

ஆனால் ஒரு இடத்தில் தம்பிக்கு உண்மையிலேயே பங்கு இருக்கக்கூடும், அவருக்கே அது தெரியாது. பரவிய அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வரும் தொகையறா உங்கள் அப்பா பாடியது என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஊரில் எல்லோரும் பாடும் பொதுவான கானா என்றால் யாருக்கும் தனி உரிமை இல்லை. உங்கள் அப்பாவே கட்டிய வரி என்றால், அவர் காலத்துக்குப் பிறகு அந்த உரிமை வாரிசுகளுக்கு வரும். உயில் இல்லாவிட்டால் உங்கள் அம்மா, நீங்கள், உங்கள் தம்பி மூவருக்கும் சமமாக. பேரப்பிள்ளைகள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மூவரும் ஒரு கடிதம் எழுதி வைத்துவிடுங்கள். பாட்டுக்குக் கீழே தாத்தா பெயரையும் போடுங்கள். அரிசி மூட்டையை நகர்த்திக் கொடுக்கிற பாட்டிக்கு அதைப் பார்ப்பது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஃப்ரீ பீட்டும் முப்பது செகண்டும்

இதைப் பையனிடம் படித்துக் காட்டுங்கள். அந்தப் பாட்டின் பீட்டை, அதாவது பின்னணித் தாள இசையை, இணையத்திலிருந்து "ஃப்ரீ" என்று இறக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த "ஃப்ரீ"க்குக் கீழே பெரும்பாலும் சின்ன எழுத்தில் நிபந்தனை இருக்கும்: சும்மா பாடிப் போட்டுக்கொள்ளலாம், பணம் சம்பாதிப்பதானால் உரிமம் வாங்க வேண்டும். முப்பது செகண்டுக்குள் எடுத்தால் காப்பிரைட் வராது என்று அவனுடைய நண்பர்கள் சொல்வது வெறும் புரளி. சட்டத்தில் செகண்டுக் கணக்கு எதுவும் கிடையாது.

கம்பெனி கேட்கும் முதல் பாட்டே இதுதான். பீட் போட்டவர் எங்கிருந்தோ உரிமை கேட்டு வந்தால் மேலே சொன்ன 11-வது ஷரத்து உங்கள் கணவர் தலையில் விழும். இதற்கு எனக்குத் தோன்றும் வழி எளிது. பரணிலிருந்து இறங்கிய டோலக் வீட்டிலேயே இருக்கிறது. அதைத் தட்டி அந்தப் பாட்டை மறுபடி பதிவு செய்யுங்கள். இசையும் முழுக்கப் பையனுடையதாகிவிடும், எனக்குத் தெரிந்த கானாவுக்கும் அதுதான் பொருத்தம். (இது சட்ட ஆலோசனை இல்லை, ரசிகையின் ஆசை.)

ஒப்பந்தத்தில் என் பேனா நின்ற இடங்கள்

50,000 ரூபாயை 20 பாட்டால் வகுத்தால் பாட்டுக்கு 2,500 ரூபாய். அதுவும் முன்பணம்தான்; பின்னால் வரும் உங்கள் பங்கில் முதலில் அதைக் கழித்துக்கொள்வார்கள். பங்கு "செலவு போக 30 சதவீதம்" என்று இருக்கிறது. செலவுக் கணக்கை எழுதப் போவது கம்பெனி. அந்தக் கணக்கைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு எங்கேயும் இல்லை. செலவு எழுதுகிறவர் கையில் பேனா இருக்கும்வரை 30-ஆ 50-ஆ என்று பேரம் பேசிப் பயனில்லை.

"உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்று ஒரு வரி. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலத்தைச் சொல்லாமல் விட்டால் ஐந்து வருடம் என்றும், இடத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு எடுத்துக்கொள்ளும். எழுதியவருக்குச் சாதகமான ஏற்பாடு அது. இந்த ஒரு வரி அதைத் துடைத்துவிடுகிறது.

சேனலையும் பாஸ்வேர்டையும் ஒப்படைக்க வேண்டும் என்பது இன்னொன்று. எக்காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவன் பாட்டை ஒரு கம்பெனி தன்னுடையதாகப் பதிவேற்றியது. பிறகு அதே பாட்டை அவன் தன் சொந்தச் சேனலில் போட்டபோது, யூடியூபின் தானியங்கிச் சோதனை அதைக் கண்டுபிடித்து, இது கம்பெனியின் பாட்டு என்று விளம்பர வருமானத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டது. தன் குரலுக்கே திருட்டுப் பட்டம் வாங்கினான். மீட்டு எடுக்க எட்டு மாதம் ஆயிற்று.

மகளைப் பொறுத்தவரை இன்னொரு சட்டமும் இருக்கிறது. 14 வயது ஆகாத பிள்ளையை வைத்து ஒரு கம்பெனி வீடியோ எடுப்பதானாலும், மேடை நிகழ்ச்சி நடத்துவதானாலும் மாவட்ட ஆட்சியரிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமான வங்கியில் பிள்ளையின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். உங்கள் சமையலறையில் நீங்களே பதிவு செய்துகொள்வதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்வது

இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்கு முன் அவசரமாக ஒன்று. பையன் ஏற்கெனவே மூன்று பாட்டின் ஃபைல்களை அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஓகே அண்ணா" என்று வாய்ஸ் மெசேஜும் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம். பதிப்புரிமையை எழுதிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். ஒரு மைனரின் "ஓகே அண்ணா" அதில் சேராது. ஆனாலும் இன்றைக்கே உங்கள் போனிலிருந்து அவர்களுக்கு இப்படி அனுப்பிவிடுங்கள்: "என் மகனும் மகளும் உருவாக்கிய பாட்டுகளை வெளியிடவோ மாற்றவோ நாங்கள் யாருக்கும் அனுமதி தரவில்லை. மகன் அனுப்பிய ஃபைல்கள் கேட்டுப் பார்ப்பதற்கு மட்டுமே. இனி பேச வேண்டியதைப் பெற்றோராகிய எங்களிடம் எழுத்தில் பேசுங்கள்." கோபமான வார்த்தை எதுவும் வேண்டாம். உறவை முறிக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

பிறகு எதிர்யோசனை சொல்லுங்கள். 20 பாட்டு வேண்டாம், ஒரு பாட்டு. உரிமையை விற்க வேண்டாம், இரண்டு வருடத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமம் மட்டும். உங்கள் சேனலிலும் அந்தப் பாட்டு இருக்கும். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்கள் தனித்தனியாக. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. காப்பாளருக்குச் சொந்தப் பொறுப்பு கிடையாது, அபராதம் கிடையாது. தமிழில் ஒரு பிரதி. ஒப்புக்கொண்டால் செய்யலாம், காப்பாளர் போடும் ஒப்பந்தத்தின் பலவீனம் அப்போதும் இருக்கும், ஆனால் ஒரு பாட்டோடு முடிந்துவிடும். முடியாது என்று எழுந்து போனால் போகட்டும். பையனுக்கு 18 ஆக ஒன்றரை வருடம்தான் இருக்கிறது.

அதுவரை சேனலை நீங்களே நடத்தலாம். விளம்பர வருமானம் வாங்கும் கணக்குக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால் அதை உங்கள் பெயரில் திறங்கள். கணவர் பெயரிலும் திறக்கலாம், ஆனால் காலையில் கடைக் கணக்கு எழுதுகிற நீங்கள் இதையும் எழுதிவிடுவீர்கள் என்று தோன்றுகிறது. 1,000 சந்தாதாரர்கள் சேர்ந்து, ஒரு வருடத்தில் மக்கள் பார்த்த நேரம் 4,000 மணியைத் தொட்டால் விளம்பரப் பங்குக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளைகள் இருவருக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு வேண்டும். வருவதில் எழுதியவளுக்கு எவ்வளவு, பாடியவனுக்கு எவ்வளவு என்று இருவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். சரிபாதி என்பது என் கருத்து. அவர்கள் வேறு சொன்னால் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

யாரிடமாவது நேரில் காகிதத்தைக் காட்ட வேண்டுமென்றால் காசு செலவழிக்க வேண்டியதில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். உயர்நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து பாரிமுனைக்கு ஒரு பஸ். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் புகாருக்கு நீளமாக எழுத எதுவும் இல்லை. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தத்துக்கு வரம்பு 45 டெசிபல், பகலில் 55. நாலு சுவருக்குள் டோலக் தட்டுவது குற்றமில்லை. ஆனால் மெத்தை மாட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் தூங்க வேண்டும் அல்லவா? ஒன்பது மணிக்கு மேல் வேண்டாம் என்று வீட்டில் முடிவெடுத்து, அதை அவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். கையில் நாலு இட்லியோடு போனால் இன்னும் நல்லது. ஸ்டேஷனில் கூப்பிட்டால் பையனைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்கள் போங்கள். பிள்ளைகள் விஷயத்தைக் கவனிக்க ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருப்பார், அவரைக் கேளுங்கள்.

கடைசியாக, ஒப்பந்தத்துக்கு அடியில் பாதி மறைந்த அந்த வரி எப்படி முடிகிறது என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருக்கிறது. ஆனால் அனுப்ப வேண்டாம். வெளியிடும்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று மகளிடமும் சொல்லுங்கள், வக்கீலுக்கும் சேர்த்துத்தான். பாட்டு வந்த பிறகு கேட்டுக்கொள்கிறேன்.